பூங்கோதையின் கல்

ஜூலை 21, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக மழலைக் கவியரங்க வேலை. லோதி ரோடு குடியிருப்புத் தமிழ் மன்றத்துக்கு நான் செயலாளர் என்று பேர். பெஞ்சு தூக்குவதுவரை நான்தான். விதி எண் ஒன்றை நானே எழுதினேன்: கவிதையில் இந்திச் சொல் வந்தால் பரிசு கிடையாது. இங்கே பிறந்த பிள்ளைகள் "அம்மா, பானி குடு" என்கிற ரகம். எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்?

பூங்கோதை வந்து ஏதோ கேட்டாள். ஏழு வயசு, ஒரே பெண், எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். காதில் சரியாக விழவில்லை.

ஜூலை 26, சனி

கவிதைகள் வந்து குவிந்துவிட்டன. யார் எழுதியது என்று தெரியக்கூடாது என்பதால் என் வீட்டுக்காரி மாதுரியே எல்லாவற்றையும் பேரில்லாமல் டைப் அடித்துத் தந்தாள். பாதி, அப்பன்மார் எழுதியது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை "வான்மதியே, வையத்து விளக்கே" என்றா எழுதும்? ஒரு பிள்ளை மட்டும், "என் பல் போயிருச்சு, அதுக்கு டாட்டா சொல்லல" என்று எழுதியிருந்தது. சிரித்துச் சிரித்து டீயை மேலே கொட்டிக்கொண்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

முதல் பரிசுக்கான கவிதை கிடைத்துவிட்டது!

அப்பாகிட்ட நிறைய கல் இருக்கு.
யானை பாக்கணும்னா ஒரு கல்.
ஊஞ்சலுக்கு ஒரு கல்.
கதை கேட்டாலும் கல்.
நான் எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கேன்.

தலைவர் அப்பாவு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "யோவ் சுந்தரேஷ், கல்லுங்கிறது என்ன? மனசுய்யா! இறுகிப்போன மனசு!" ஒரு இந்திச் சொல் இல்லை, ஒரு இங்கிலீஷ் இல்லை. நானும் விடவில்லை. "பாசம் கேட்ட பிஞ்சுக்குக் கல்லைத் தரும் தந்தைகளுக்கு ஒரு சவுக்கடி" என்று பரிசுக் குறிப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எந்தப் படுபாவி அப்பனோ. கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்கணும்.

ஜூலை 30, புதன்

படுபாவி நான்தான். மாதுரி பேரைச் சொன்னாள்.

ஆகஸ்ட் 2, சனி

பரிசுக் கவிதை குடியிருப்பு முழுக்கப் பரவி, மானம் போச்சு. எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி பால் பூத்தில் எல்லார் எதிரிலும், "கோபம் வந்தா ரெண்டு வார்த்தை திட்டுங்கோ. குழந்தையைக் கல்லால அடிப்பாளா யாராவது?" என்கிறாள். நானா? என் பெண்ணை ஒரு தட்டுத் தட்டியிருப்பேனா நான்? கல்லாம், கல்!

வீட்டுக்கு வந்து அவளையே கேட்டேன். "கண்ணு, நான் எப்பம்மா உனக்குக் கல் குடுத்தேன்?"

"டெய்லி குடுக்கறியேப்பா."

அதற்குள் அப்பாவு சார் போன். மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு எடுத்தேன். சமையலறையில் மாதுரி களுக்கென்று சிரித்தாள். என்னவென்று கேட்டால், "அவளே சொல்லுவா, விடுங்க." கட்டின பெண்டாட்டிக்கும் நான் வில்லன்.

ஆகஸ்ட் 6, புதன்

கவிதையை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன். "பொண்ணு கவிதைக்கே கத்திரி போடுறவர் செயலாளரா?" என்றார் அப்பாவு சார். மாதுரி இன்னும் ஒரு படி மேலே: "அவ படிப்பா. கேக்கத் தைரியமில்லேன்னா நீங்க வராதீங்க." போகாமல் எப்படி? மைக் செட்டுக்குச் சொல்லியிருப்பதே நான்தானே.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படித்தாள். தெளிவாக, சத்தமாக. அப்பாவு சார் எழுந்து கல்லுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். இதயக் கல், சமுதாயக் கல், இன்னும் என்னென்னவோ கல். கூட்டமே என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பூங்கோதை மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "அங்கிள், வோ வாலா கல் நஹீ. நீங்க சொல்ற கல் இல்ல. இது இந்தி கல். நாளைக்கு! அப்பா சொல்வாரே, கல் போலாம், கல் பாக்கலாம்னு. அந்தக் கல்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. அம்மாக்கள் கைதட்டினார்கள், அப்பாக்கள் செல்போனைப் பார்த்தார்கள்.

நான் நிஜமாகவே கல்லெறிந்திருந்தால்கூடத் தேவலை. யானை பார்க்கணும் என்று அவள் கேட்டது போன குளிர்காலத்தில். ஊர்ப் பிள்ளைகள் கவிதையெல்லாம் படித்தேனே, இவளுக்கு ஒரு கதை சொன்னேனா? சே!

சிரிப்பு அடங்கியதும் அப்பாவு சார் தலையைச் சொறிந்தார். "அப்போ இது இந்திச் சொல்லாச்சே. விதி எண் ஒண்ணு... செயலாளரே, பரிசு இல்லையா?"

குழந்தை முகம் வாடிவிட்டது. விதி என்னுது, பெண்ணும் என்னுது. எழுந்து நின்றேன். "ஐயா, அது அவ வார்த்தை இல்லீங்க. என் வார்த்தை. நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கா. தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க."

பரிசு கொடுத்தார்கள். விதி எண் ஒன்றை அடித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இந்த ஊர்ச் சுதந்திர தின வழக்கப்படி நாள் முழுக்க மொட்டை மாடியில் பட்டம். முதல் பட்டம் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. இரண்டாவதை அனந்தலக்ஷ்மி மாமி தன் பட்டத்தால் அறுத்தாள், இந்த வயசில்! விரலில் நூல் கிழித்த காயம், நிறைய எழுத முடியவில்லை.

படியிறங்கும்போது பூங்கோதை கேட்டாள். "அப்பா, யானை எப்போ?"

"கல்" என்றேன். இந்த முறை நிஜமாகத்தான் சொன்னேன்.

அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "தமிழ்ல சொல்லுப்பா" என்றாள்.

சொன்னேன்.