ஹாம்பர்க் வரை இரண்டு இருக்கைகள்

இத்தனை மாதம் அப்படியே கிடந்த பயணப் பெட்டியை இன்று காலி செய்தபோது அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை அகப்பட்டது. திறந்ததும் சுக்கு வாசனை. ரயிலில் தலை சுற்றினால் வாயில் போட்டுக்கொள்ள என்று டிக்கெட்டோடு நீ சேர்த்து வைத்த துண்டு. காகிதம் முழுக்க அந்த மணம் ஏறியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஹாம்பர்க் வரை, இரண்டு பேர். உன் பெயர் மேலே, என் பெயர் கீழே.

மட்டாஞ்சேரியின் அந்த மிளகு ஏற்றுமதி அலுவலகத்தில் எதிரெதிர் மேசைகளில் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம். கப்பலில் போகும் சரக்குக்கான தாள்களை டைப் அடிப்பதே நம் வேலை. ஹாம்பர்க் என்ற பெயரை நம் வீட்டு விலாசத்தை விட அதிகம் அடித்திருப்போம். வல்லார்பாடம் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் கிளம்பிவிட்டதாகத் தகவல் வரும்போதெல்லாம் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நீ சொல்வாய்: "மொளகு போயாச்சு. நம்ம ரெண்டு பேருந்தான் இங்கயே கெடக்கோம்."

ஓய்வு பெற்ற கையோடு நாமும் ஹாம்பர்க் போக வழி பார்க்கத் தொடங்கினாய். ஆம்ஸ்டர்டாம் வரை விமானமும் விசாவும் ஒருவழியாக முடிந்தன. ரயில்தான் படுத்தி எடுத்தது. நம் ஊரில் டிக்கெட் என்றால் இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை. அங்கே இடம் இருந்துகொண்டே இருந்தது; விலைதான் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சுள்ளிக்கல்லில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபோது உன் முகத்தில் வந்த தெம்பு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

"இது டிக்கெட்டு இல்லடீ, மொளகாக்கும். ஏறினது எறங்கும். ரெண்டு நாளு க்ஷமி."

பொறுத்தோம். ஏறியது இன்னும் ஏறியது. அந்த விலை எந்தக் காலத்திலும் இறங்கும் ஜாதி இல்லை, நாள் நெருங்க நெருங்க அதற்கு ஏற மட்டுமே தெரியும் என்று நமக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. நானும் சும்மா இருந்திருக்கலாம். "அன்னைக்கே எடுத்திருக்கலாம்" என்று ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். இரண்டு நாள் நீ என் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நீயே கூப்பிட்டாய். ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் புறப்பட்டு, நடுவில் இரண்டு இடத்தில் மாறிப் போனால் பாதி விலைதானாம். ஆனால் கேன்சல் செய்தால் ஒன்றும் திரும்பி வராது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அறுபதைத் தொடும் இரண்டு பேர், யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"கச்சவடம் உறப்பிச்சா உறப்பிச்சதுதான். நம்ம போகாம இருக்கப் போறமா என்ன?" என்றாய். பஜாரில் வியாபாரத்தை வாய்வார்த்தையில் பேசி உறுதி செய்த பிறகு யாரும் பின்வாங்குவதில்லை. நீயும் அந்த ரகம்.

புறப்பட நான்கு வாரம் இருக்கும்போது நீ போய்விட்டாய். குளித்துவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்றாயாம், அவ்வளவுதான். உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போவதில்லை என்றுதான் இருந்தேன். பதினாறாம் நாள் கழிந்ததும் உன் மகள் இந்த உறையைக் கொண்டுவந்து தந்தாள். "அம்மா உறப்பிச்சதில்லையா ஆன்ட்டி. நீங்க போய்ட்டு வாங்க."

போனேன். மாற வேண்டிய இடங்களில் ஓடி ஓடி மாறினேன். கடைசி ரயிலில் ஜன்னலோரம் உனக்கு, பக்கத்தில் எனக்கு. நம் ஊராக இருந்தால் டிக்கெட் பரிசோதகர் வந்து உன் இடத்தை யாருக்காவது கொடுத்திருப்பார். அங்கே பரிசோதகர் எதுவும் கேட்கவில்லை. பாதி வழியில் ஒரு பெரியவர் ஏறினார். வண்டியில் கூட்டம். ஜன்னலோர இருக்கையைக் காட்டி, உட்காரலாமா என்று ஜாடையில் கேட்டார். உன்னைத்தான் நினைத்தேன். தோப்பும்படி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளை உட்கார வைக்காமல் உனக்கு இருப்புக் கொள்ளாதே. "கொறச்சு ஒதுங்கு, அவங்களும் இருக்கட்டும்" என்று என்னை இடிப்பாயே. அந்தப் பெரியவரிடம் தலையை ஆட்டினேன், நாம் சரி என்று ஆட்டுவோமே அப்படித்தான். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு ஏதோ நன்றி சொல்லி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

கூப்பிட்டிருக்கலாம். கையைத் தூக்கியிருந்தாலே போதும். நான் கூப்பிடவில்லை.

இதற்கு நீ என்னைத் திட்டுவாய், தெரியும். இப்போதெல்லாம் பஸ்ஸில் நானே ஒதுங்கி இடம் கொடுக்கிறேன், நீ இடித்த மாதிரியே பக்கத்தில் இருப்பவளையும் இடிக்கிறேன். சுக்கை எடுக்காமல் டிக்கெட்டை மறுபடி அதே உறையில் போட்டு, என் அலமாரியில் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் இடம் விட்ட உனக்காக அந்த ஒரு இருக்கையை மட்டும் நான் விடவில்லை.

அன்று வண்டி வேகம் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே, நாம் அடித்து அடித்து எழுத்து தேய்ந்த அந்தப் பெயர் பெரிய பலகையில் வந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்தவள், வாய் தவறி இல்லை, தெரிந்தேதான், ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னேன்:

"எறங்குடீ. ஹாம்பர்க் வந்தாச்சு."