இரண்டு முறை சேர்த்த திருத்தம்

அன்புள்ள தோழிக்கு,

மூன்று வருஷத்துக்கு முன் நம் ஆய்வுக் குழுக் கூட்டத்தில், "உன் கணக்குல ஏதோ இடிக்குதுடி, வெப்பநிலைத் திருத்தத்தை மறுபடி பாரு" என்றாய். "பொறாமைக்கும் ஒரு திருத்தம் போட்டுடலாமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் நீ குழுவை விட்டே போய்விட்டாய்.

நேற்று முதலிலிருந்து சரிபார்த்தேன். அந்தத் திருத்தத்தை இரண்டு முறை சேர்த்திருக்கிறேன். ஒன்றை நீக்கியதும், புதிய துகள் என்று நாங்கள் கொண்டாடிய மேடு வரைபடத்தில் இல்லவே இல்லை.

"அடுத்த கட்டுரையில சத்தமில்லாம சரிபண்ணிக்கலாமே மேடம், தலைமைப் பதவி வர்ற நேரம்" என்றார் ஆய்வக இயக்குநர். மறுத்துவிட்டேன். திங்களன்று, அந்தத் துகளை அறிவித்த கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். பதவி கிடைக்காது. வருத்தமில்லை என்றால் நீ நம்பமாட்டாய்.

பிழையை முதலில் கண்டது நீ என்று அறிவிப்பில் எழுதியிருக்கிறேன். நகல் இத்துடன் இருக்கிறது. சிவப்பு மையில் தாராளமாகத் திருத்தி அனுப்பு.

உன் பழைய அறைத்தோழி