இரண்டு பக்கமும் ஒரே சத்தம்

ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை.
மே 21

அன்புள்ள தம்பி டிலானுக்கு,

அண்ணி ஐறீன் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் எந்தப் பைத்தியக்காரி பேனா பிடித்துக் கடிதம் எழுதுவாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அது உங்கள் அண்ணனின் கொம்பியூட்டர் திரையிலும் வந்து நிற்கும். நீங்கள்தானே அப்படி இணைத்துப் பூட்டிக் கொடுத்தீர்கள்! ஆகையால், வெள்ளிக்கிழமை மெல்பேர்னுக்குத் திரும்புகிற என் சிநேகிதி றொசானாவின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். முழுக்க வாசிக்கும் வரை அண்ணனுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

போன ஞாயிறு மாதம்பிட்டிக்குப் போய் மாமா, மாமியின் கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டு வந்தோம். நல்ல வெயில். அண்ணன் வாளியோடு நடந்து வரும்போது இடப்பக்கமாகச் சாய்ந்து, அடுத்த கல்லறையின் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் தடக்கியதாம். நான் பின்னால்தான் வந்தேன். தடக்குவதற்கு அங்கே ஒரு கல்லும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வானொலி வேலையை விட்ட நாளிலிருந்து மேல் அறையில் அவர் செய்கிற ஒலிப்பதிவில்தான் இந்த வீடு ஓடுகிறது. கடை விளம்பரம், ரியூசன் பாடம், கோவில் பாட்டு எல்லாம் நீங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுத்த அந்தப் பெட்டியில்தான். டிசம்பரில் நத்தார் முடிந்த கையோடு தொடங்கியது இந்தக் கதை. இடப்பக்கச் சத்தம் குறைகிறதாம். முதலில் வயர் பிழை என்றார். பிறகு சவுண்ட் கார்ட் பிழை என்றார். புறக்கோட்டையில் நிலாமின் கடையில் புதிது ஒன்று வாங்கினார், மாற்றினார், அதையும் மாற்றினார். மூன்றாவது தரம் நிலாம் தன் கடையிலேயே அதைப் பூட்டி, ஹெட்போனைத் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சாமானில் ஒரு பிழையும் இல்லை என்று பணிவாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு இவர் வீட்டுக்கு வந்து நிலாமைத் திட்டினார்.

அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். மெல்பேர்னில் இருந்தபடியே எங்கள் பெட்டிக்குள் நுழைந்தீர்கள். திரையில் அம்புக்குறி தன்பாட்டில் நடக்கும். பல்ஸ் என்பீர்கள், பைப்வயர் என்பீர்கள், அதை அழித்துவிட்டு இதைப் போடு என்பீர்கள். இடப்பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி விடுவீர்கள். இரண்டு கிழமை நல்லாயிருக்கும். பிறகு மறுபடியும் குறையும், மறுபடியும் ஏற்றுவீர்கள். உங்கள் பாஷை எனக்கு விளங்காது. விளங்கியது ஒன்றுதான், உங்கள் இரண்டு பேருக்கும் பிழை எப்போதும் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் அவர் பாண் வாங்கப் போன நேரம் நான் அந்த நாற்காலியில் இருந்தேன். ஏற்றியதை எல்லாம் பழையபடி சமமாக்கிவிட்டு ஓட்டச் சொல்லி நீங்கள் கொடுத்த பரிசோதனை திரையில் திறந்தபடி இருந்தது. ஒரு குரல் இடம் என்று ஆங்கிலத்தில் இடக்காதில் சொல்லும், வலம் என்று வலக்காதில் சொல்லும். ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன். இரண்டு பக்கமும் ஒரே சத்தம். ஒரு துளி குறைவில்லை. மாற்றிப் போட்டும் கேட்டேன், அதேதான், தம்பி.

அவர் வந்ததும், கண்ணை மூடுங்கள், ஒரு விளையாட்டு என்று சொல்லி, ஹெட்போனை இடம் வலம் மாற்றி அவர் தலையில் மாட்டினேன். பெட்டியில் பிழை என்றால் அது பெட்டியோடுதானே இருக்க வேண்டும்? இல்லை. அவ்வளவு நாளும் கேட்காத இடப்பக்கக் குரல் வலக்காதில் கணீரென்று கேட்டது. அவ்வளவு நாளும் கேட்ட வலப்பக்கக் குரல் இடக்காதில் கேட்கவில்லை. பிழை அவர் காதோடேயே இருந்தது.

மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார். இருபத்தாறு வருஷம் சத்தத்தோடு சீவித்த மனிசன், அவருக்கா விளங்காது? ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"உமக்கு இதெல்லாம் விளங்காது. வயர் மாறிப்போச்சு. டிலானிட்டக் கேக்கோணும்."

அன்று பின்னேரமே உங்களிடம் கேட்டார். நீங்களும் நல்ல பிள்ளையாக ஒரு செட்டிங் அனுப்பினீர்கள். இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி, இரண்டு காதுக்கும் ஒரே சத்தத்தைக் கொடுக்கிற செட்டிங். இப்போது அவருக்கு எல்லாமே வலக்காதால் வந்துவிடுகிறது, இடக்காதைத் தேட வேண்டிய தேவையே இல்லை. அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார். கொம்பியூட்டரை அவ்வளவு நன்றாகக் குணப்படுத்திவிட்டீர்கள், தம்பி. டொக்டரிடம் போக இப்போது அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

வேலை கெட்டுப் போவதை நான் பெரிதுபடுத்தவில்லை. கோவில் பாட்டை ஃபாதர் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார், ஒரு பக்கம் காதைக் கிழிக்கிறதாம். வெள்ளவத்தை விளம்பரக்கார ஷிஹான் இப்போது அழைப்பதே இல்லை. அதெல்லாம் போகட்டும். தேநீர் குடிக்கும்போது இடப்பக்க உதட்டால் வழிகிறது, அவருக்குத் தெரிவதில்லை. படியிறங்கும்போது சுவரைத் தடவுகிறார். போன கிழமை காலி வீதி நெரிசலில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு இடப்பக்கத்தால் வந்தது, அவர் திரும்பவே இல்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்ததற்குத்தான் என்னோடு கோபித்தார்!

பக்கத்து வீட்டு நிலூஷா ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். சவுண்ட் கார்ட் கதைக்குச் சிரித்தவள், நடந்ததை எல்லாம் கேட்டு முடித்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒரு காது மட்டும் எண்டா விடக்கூடாது அன்ரி. தலையை ஸ்கேன் பண்ணிப் பாக்கோணும்."

உங்களுக்கு மறைத்த ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். உங்கள் அப்பா மாரடைப்பில் போகவில்லை. அப்போது உங்களுக்குப் பதின்மூன்று வயது, சோதனை எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம். மாமா ஒரு பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்பார். காதுக்குள் அழுக்கு என்று எண்ணெய் விட்டோம், ஒரு வருஷமாக எண்ணெய் விட்டோம். ஸ்கேன் எடுத்தபோது காது நரம்பில் தொடங்கிய கட்டி மூளையை அழுத்தியபடி இருந்தது. பிந்திவிட்டது என்றார்கள். பிள்ளையிடம் சொல்லாதே என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியவர் உங்கள் அண்ணன்தான். அவருக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் பெட்டியையே கழற்றிப் பூட்டுகிறார். சத்தியத்தை முறித்ததற்கு ஆண்டவர் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும்.

ஜூன் நான்காம் திகதிக்கு நிலூஷா டொக்டரிடம் நாள் எடுத்து வைத்திருக்கிறாள். அந்தோனியார் திருநாள் பதிவு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார். பிறகு என்பது இந்த வீட்டில் எனக்குக் கேட்டுப் பழகிய சொல், தம்பி. நான் சொன்னால் கேட்க மாட்டார். உலகத்திலேயே அவர் நம்புவது உங்கள் வாயை மட்டும்தான். அந்தச் செட்டிங்கை எடுத்துவிடுங்கள். வேறொன்று அனுப்பாதீர்கள். பெட்டியில் ஒரு பிழையும் இல்லை அண்ணா, ஒருநாளும் இருக்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கோபிப்பார். கோபிக்கட்டும், ஆள் இருந்தால்தானே கோபிக்கலாம்.

இதோடு முடிக்கத்தான் இருந்தேன். அந்தச் செட்டிங் அனுப்பிய நாள் எது என்று பார்க்க அவர் பெட்டியில் உங்கள் செய்தியை இன்று திறந்தேன். அதன் கீழே நீங்கள் எழுதியிருந்ததை அன்று நான் வாசிக்கவில்லை. "யோசிக்காதேங்கோ அண்ணா, நல்ல செட்டிங். நானும் ஒரு வருஷமா இதைத்தான் போட்டிருக்கிறன்."

எதற்காகப் போட்டீர்கள் தம்பி? உங்களுக்கு எந்தக் காது?

நல்ல பிள்ளையாக அங்கே ஒரு டொக்டரிடம் நாள் எடுங்கள். நாள் கிடைத்ததும் முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள். தம்பி போகிறான் என்றால் அவரும் போவார். உங்கள் சின்ன வயதில், அண்ணன் வளர்ந்த பிள்ளையாக இருந்தும், ஊசி போட இருவரையும் ஒன்றாகத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று மாமி சொல்வார்.

கொச்சிக்கடை அந்தோனியாரின் காலடியில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பேரையும் அவர் எனக்கு விட்டுத் தரட்டும்.

உங்கள் அண்ணி,
ஐறீன்