டிவியில் சிரிக்கிற அப்பா

அன்பு மகள் ஷெர்லினுக்கு,

ராயபுரத்திலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவில் எனக்கு மூச்சும் நடையும் குறையில்லாமல் இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டி ரூத்தும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போதுதான் தெரிகிறது. மழை விட்டதிலிருந்து மணலி ஆலைகள் பக்கமிருந்து வருகிற நாற்றம் ஜாஸ்தி, ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தேன், நீ சிரித்துவிட்டாய், உனக்கும் அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், இதோடு வருகிற பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடு.

உன் அப்பா தலைகாட்டிய அந்தத் துறைமுகப் படத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. ஹார்பரில் ஷூட்டிங் வந்தபோது, வேலை முடிந்து வெளியே வருகிற மாதிரி நடங்கள் என்று சொல்லி அப்பாவையும் கூட இருந்தவர்களையும் எடுத்தார்கள். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வருவார், கேமராவைப் பார்க்காதே என்று சொல்லியும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், அப்புறம் கதாநாயகன் வந்துவிடுவான். அதற்கு முந்தியே கிரேன் சங்கிலி அறுந்து முகத்தில் அடித்திருந்தது, அதன் பிறகு அவர் யார் கூப்பிட்டும் போட்டோவுக்கு நின்றதில்லை, கோயிலில் நீ புதுநன்மை வாங்கியபோது எடுத்த போட்டோவில்கூட நான் மட்டும்தான் நிற்கிறேன். சுவரில் மாலை போட்டிருப்பது கல்யாணத்துக்கு எடுத்தது, அது யாரோ மீசை முளைக்கிற பையன். நான் குடும்பம் நடத்திய மனுஷனின் முகம் அந்தப் படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நீ வந்திருந்தபோது பெரிய டிவி வாங்கி மாட்டி, அதில் அந்தப் படத்தையும் தேடி எடுத்து, எந்தப் பொத்தான் அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாய். ஜெபமாலை முடிந்ததும் அந்த இடத்தைப் போட்டுப் பார்ப்பேன், அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு நாள் படத்தின் பெயருக்குக் கீழே புதிய தெளிவான பிரதி என்று போட்டிருந்தது. ஆசையாகப் போட்டேன். கடல் நீலமாக இருந்தது, நம் கடல் என்றைக்கு அந்த நிறத்தில் இருந்தது. கூட்டம் வந்தது, அப்பா வந்தார், திரும்பினார், சிரித்தார். ஷெர்லின், அவர் அந்த இடத்தில் சிரிக்கவே இல்லை. முன்பல் போன நாளிலிருந்து அவர் உதட்டைப் பிரித்துச் சிரித்து நானே பார்த்ததில்லை. டிவியில் இருந்தவருக்கு அடுக்கி வைத்தது போலப் பல்வரிசை. தொங்கிப்போயிருந்த கண்ணிமை நிமிர்ந்து இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன. பின்னால் வந்த ஆட்களில் இரண்டு பேருக்கு ஒரே முகம். உன்னிடம் சொன்னபோது, பழைய படத்தைக் கம்ப்யூட்டர் சுத்தம் பண்ணுகிறது, மங்கலான இடத்தை அதுவே யோசித்து நிரப்பிக்கொள்ளும் என்றாய். நல்லாத்தானேம்மா இருக்கு, அப்பா எவ்ளோ அழகா இருக்காரு என்றும் சொன்னாய். முன்னால் இருந்த பிரதியைத் தேடினேன், அதை எடுத்தே விட்டார்கள்.

நீ சொன்னது பொய்யில்லை, எனக்கும் பிடித்துத்தான் போனது. வலி தெரியாத முகம். பல நாள் அதைப் பார்த்து நானும் பதிலுக்குச் சிரித்திருக்கிறேன். அப்புறம் ஒரு காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சும்மா அவர் நினைப்பு வந்தது, வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வாரே, அந்த முகம். நிமிர்ந்தார், இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அடிபட்டது எந்தக் கண் என்று யோசித்தேன், வரவில்லை. கை கழுவாமலேயே கண்ணாடி முன்னால் போய் நின்று இந்தக் கண்ணை மூடிப் பார்த்தேன், அந்தக் கண்ணை மூடிப் பார்த்தேன், இரண்டுமே சரியென்று தோன்றியது, இரண்டுமே தப்பென்றும் தோன்றியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த நாளிலிருந்து அந்தக் கண்ணுக்கு மருந்து விட்டவள் நான். அன்றைக்கு சாயங்காலம்தான் அந்தப் புதுப் பிரதியைப் பார்த்து ரூத் வரைந்ததை நீ அனுப்பினாய், மை கிராண்ட்பா என்று எழுதி, பெரிய கண் இரண்டு, வாய் நிறையப் பல். பாட்டி, தாத்தா என்னைப் பாத்து சிரிக்கிறாரு என்று அவள் குரலும் வந்தது. அவள் வரைந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளைக்குத் தெரிந்த தாத்தா அந்த ஆள்தான், எனக்கும் இனி அந்த ஆள்தான் மிஞ்சுவார் என்று பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்து வண்ணாரப்பேட்டை போனேன். சினிமா டிஸ்க் கடை வைத்திருந்த சௌக்கத் அலி பாயை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவின் தோஸ்து, சனிக்கிழமையானால் இவர் அங்கேதான் கிடப்பார். இப்போது அதே கடையில் போன் கவரும் சார்ஜரும் விற்கிறார். நான் படத்தின் பெயரைச் சொன்னதும், இன்னாக்கா, இப்போ வந்து டிஸ்க்கு கேக்குற, யாரு பாக்குறா அத்தெல்லாம், அல்லாம் போன்லயே கீது என்றார். மிச்சம் மீதி இல்லையா என்று கேட்டதற்கு, கீது கீது, மாடில மெஹ்னாஸ் கட்டித் தொங்க வுட்டுகீறா, புறா தொல்ல தாங்கல என்றார். மெஹ்னாஸ் அவர் வீட்டுக்காரி, கடைக்கு மேலேதான் வீடு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன்.

கயிறு கயிறாகக் கட்டி, ஒவ்வொரு கயிற்றிலும் டிஸ்க்குகள். கடல் காற்றில் அத்தனையும் சுழன்றுகொண்டிருந்தன, சத்தமே இல்லை. வெளிச்சம் துண்டு துண்டாகத் தரையிலும் சுவரிலும் எங்கள் சேலையிலும் ஓடியது. ஒரு புறா கிடையாது, காக்கா கிடையாது. கிட்டப் போனால் ஒவ்வொன்றிலும் என் முகம் வந்து வந்து போனது, திரும்பும்போது பாதி, அப்புறம் இல்லை, அப்புறம் மறுபடி. இவ்வளவு படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எல்லாரையும் பறவை விரட்டக் கட்டிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன். பெயர் அச்சடித்த பக்கம் வெயிலில் வெளுத்து ஒன்றுமே படிக்க முடியவில்லை. மெஹ்னாஸ்தான், அத்துக்கு இன்னாக்கா, ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துடலாம் என்று எல்லாவற்றையும் அறுத்துக் கூடையில் போட்டாள். பாய் பரண்மேல் இருந்த பழைய பிளேயரைத் துடைத்து டிவியில் மாட்டினார்.

சில டிஸ்க் ஓடவே இல்லை, சிலது திக்கித் திக்கி நின்றது. கடைசியில் ஒன்றைப் போட்டபோது கிரேனும் கரிமேடும் வந்தன, கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. நான் டிவிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட் திறந்து கூட்டம் வந்தது. மெஹ்னாஸ், தோ அண்ணன், அக்கா, நம்ம பிராங்கி அண்ணன் என்று கத்தினாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். சும்மா இரு, அவரு இன்னும் வரல, சிரிச்சிகினே வருவாரு பாரு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். கூட்டம் போய்விட்டது, கதாநாயகன் வந்துவிட்டான். இன்னாக்கா, அண்ணன தெரிலியா உனுக்கு என்று மெதுவாகக் கேட்டாள்.

பாய் பின்னால் ஓட்டி அந்த இடத்தில் நிறுத்தினார். ஒரு ஆள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி, இடது கண் பாதி மூடியிருந்தது, வாயை இறுக்கி வைத்திருந்தார். தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குள் யாரோ வந்து நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். உன் அப்பாவைப் பார்த்து, ஷெர்லின், அவர் பக்கத்தில் இத்தனை வருஷம் படுத்து எழுந்தவள். ஓட வுடு பாய் என்றேன். அந்த ஆள் கழுத்தைத் துடைத்தார், துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டார். டிவியில் இருக்கிறவர் தோளில் அந்தத் துண்டு ஒட்டவைத்த மாதிரி அசையாமல் கிடக்கும். அந்த உதறலில்தான் எனக்குப் பிடிபட்டது, கரி பறந்து என் கண்ணில் விழும் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன். அப்புறம்தான் அழுகை வந்தது. மெஹ்னாஸ் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிளேயரையும் பாயே எடுத்துப்போகச் சொன்னார். இப்போது பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்க்கிறேன். அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது, முழுசாக என்று சொல்லமாட்டேன். நேற்று பூசை பார்ப்பதற்காக டிவி போட்டபோது முதல் பக்கத்திலேயே அந்தப் பல்வரிசை, தொடர்ந்து பாருங்கள் என்று எழுதியிருந்தது. டிவியில் இருக்கிற அந்தப் பிரதியை நான் தொட்டு நாளாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே போய் நின்றேன்.

பாயிடம் சொல்லி டிஸ்க்கைப் பிரதி எடுத்து, உங்கள் ஊரில் பிளேயருக்கு எங்கே போவாய் என்று புதுசாக ஒன்று தேடி வாங்கி, இரண்டையும் பழைய புடவையில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கருவாடும் இட்லிப்பொடியும் தனியாகக் கட்டியிருக்கிறேன், வாசனை பட்டிருக்காது. மாப்பிள்ளையைப் பனியில் வண்டி நிதானமாக ஓட்டச் சொல், நீ வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சேலைக்குள் வைத்துக்கொள்ளட்டும், என் பிள்ளை பெற்ற பிள்ளை நூறு வருஷம் வாழட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பகலில் ரூத்தை மடியில் வைத்துக்கொண்டு போட்டுக்காட்டு. அவள் பயப்படுவாள், இது தாத்தா இல்லை என்பாள், அழுதாலும் அழுவாள். நிறுத்திவிடாதே கண்ணு. இவர்தான் என்று சொல்லி, அவள் திரும்பிப் பார்க்கிறவரை கூடவே உட்கார்ந்திரு.

உன் அம்மா,
ஆலிஸ் பிராங்கிளின்