கிரேஸுக்கு ஊசி குறைகிறது

ஜூலை 3, 1972, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் இல்லை. பீச் வண்டியில் நின்றபடியே போய், நின்றபடியே தாம்பரம் திரும்பினேன்.

இன்று முதல் கிரேஸுக்குப் பெதடின் ஊசி சாயங்காலம் மட்டும். அதுவும் பாதி. மீதிக்கு மாத்திரை. "வலிக்காகத்தான் ஆரம்பிச்சது சார். இப்போ வலி இல்லாட்டியும் உடம்பு அதைக் கேக்குது. மெதுவாத்தான் குறைக்கணும்" என்கிறார் லேடி டாக்டர்.

பஸ் படியிலிருந்து அவள் விழுந்த வருஷத்திலிருந்து நான்தான் ஊசி போடுகிறேன். கம்பவுண்டரிடம் கற்றுக்கொண்டது. சிரிஞ்சைக் கொதிக்கவைப்பது, ஆம்பியூலின் கழுத்தை அறுப்பது, பஞ்சு, ஸ்பிரிட். ஆபீஸிலிருந்து வரும்போது அவள் கண் வாசலிலேயே இருக்கும். கல்யாணமான புதிதில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இப்போது வாசலைப் பார்ப்பது டேவிட்டுக்காக. டாக்டர் அனுப்பிய பிசியோதெரபி ஆள். முப்பது வயதிருக்கும். நான் வருவதற்குள் வந்து போய்விடுகிறான்.

ஜூலை 5, புதன்

தலைவலி என்று ஆபீஸில் பொய். சீக்கிரம் வந்தேன். தெருவிலேயே கேட்டது, கிரேஸ் சிரிக்கிற சத்தம். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம்!

கதவு திறந்துதான் இருந்தது. அதையும் கவனித்தேன். பாயில் படுத்திருக்கிறாள். அவள் முழங்காலுக்கு அடியில் அவன் கை.

"பல்லைக் கடிக்காதீங்கக்கா. மூச்சை விடுங்க. அவ்ளோதான், இன்னும் கொஞ்சம்."

அக்காவாம்.

"சார் வந்துட்டார்" என்றாள் கி., சிரிப்பை நிறுத்திவிட்டு. என்னைப் போய் சார் என்கிறாள்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், பிளேடு, பவுடர். பவுடர் கி. கேட்டது. யாருக்காம்?

ஜூலை 8, சனி

கோவளத்திலிருந்து வரும் மீன்காரம்மா தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், அம்மா தானா வாசலாண்ட வந்து மீன் பாத்து வாங்கிச்சு! அந்தத் தம்பி கையில இன்னாவோ கீது சார்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பையை இடுக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். சங்கரா மீன் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. உப்பு ஜாஸ்தி என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கி.க்கு விடிந்ததிலிருந்தே மோசம். வியர்வை, கொட்டாவி, மூக்கில் நீர், கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டேவிட் வரமாட்டான்.

மத்தியானம் என் கையைப் பிடித்தாள். "என்னங்க, ஒண்ணே ஒண்ணு போடுங்க. டாக்டருக்குத் தெரிய வேண்டாம். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மீந்த ஆம்பியூல்களைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தார் டாக்டர். நான் தரவில்லை. பீரோவில், கோட்டுக்குப் பின்னால். ஏன் வைத்திருந்தேன்? இதற்காகத்தான்.

அடுப்பு மூட்டி, சிரிஞ்சைக் கொதிக்கவைத்து, மருந்தை ஏற்றிக்கொண்டு கட்டிலண்டை போனேன். என் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க?"

"நானா? என்ன உளர்றே?"

"உங்க மூஞ்சியில தெரியுது."

கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். "வேணாம். கொட்டிடுங்க."

கொட்டினேன். பொழுது சாய்கிற வரை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. சாயங்காலத்துப் பாதி ஊசியை மட்டும் போட்டுக்கொண்டாள், முகத்தைப் பார்க்காமல்.

ஜூலை 11, செவ்வாய்

அரை நாள் லீவு. மீந்த ஆம்பியூல்களை டாக்டரிடம் கொடுத்தேன். திட்டவில்லை. "இன்னும் கஷ்டமான வாரங்கள் இருக்கு. வலி முழுசாப் போயிடும்னு நான் சொல்லவேயில்லை. வலியோடயே எழுந்து நடமாடுவாங்க. நீங்க பக்கத்துல இருக்கணும்" என்றார். தலையை ஆட்டினேன்.

வீட்டு கேட்டில் டேவிட், சைக்கிளோடு. "சார், ஞாயித்துக்கிழமை அக்கா ரொம்பக் கெஞ்சினாங்களாம். நீங்கதான் உறுதியா நின்னு ஊசி போடலைன்னு சொன்னாங்க. பெரிய விஷயம் சார்."

எல்லாவற்றையும் இவனிடம் சொல்கிறாள். அப்புறம்தான் உறைத்தது. என் முகத்தில் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. எனக்காக ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறாள்.



ஜூலை 14, வெள்ளி

நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு மழை. மின்சாரம் போய் ரயில் நின்றுவிட்டது. பல்லாவரத்திலிருந்து பஸ். தொப்பலாக நனைந்தேன். டேவிட்டும் வரவில்லை. கி. கட்டிலில், வாசலைப் பார்த்தபடி.

கேட்டேவிட்டேன். "அவன்கிட்ட அப்படி என்னதான் பேசுவே?"

"எங்கே வலிக்குதுன்னு கேப்பார். சொல்லுவேன்."

"அவ்வளவுதானா?"

"நீங்க கேட்டதில்லையே. வரும்போதே ஊசியோடதான் வருவீங்க."

சுருக்கென்றது. சமையலறைக்குப் போய்க் காப்பி போட்டேன். எத்தனை ஊசி, எத்தனை ராத்திரி, இவளுக்காகக் கம்பவுண்டர் காலைப் பிடித்ததெல்லாம் கணக்கில்லையா? எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றேன். ஒரே ஒரு கேள்வி. அவனுக்கு எப்படி அவ்வளவு சுலபமாக வருகிறது?

"எங்கே வலிக்குது?"

சந்தேகமாகப் பார்த்தாள். "நிஜமாத்தான் கேக்கறீங்களா?"

"சொல்லேன்."

தம்ளரைக் கீழே வைத்தாள். கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். குதிகாலிலிருந்து ஆரம்பித்தாள்.