காதைப் பிடிச்சுக்கோ

லாஸ் ஏஞ்சல்ஸ்
28 மார்ச் 1976

அன்புள்ள ஒடெசா அக்காவுக்கு,

நீ அனுப்பிய சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் வழியிலேயே நொறுங்கிவிட்டது. ஸ்பூனால் வழித்துத் தின்றேன். இங்கே ஒப்பனைக்காரர்களுக்கு நம் கறுப்புப் பெண்களின் சுருட்டை முடியைத் தொடவே தெரியவில்லை. முடியை நீட்டும் இரும்புச் சீப்பை நானே கொண்டுபோய்ச் சூடுபண்ணிக்கொள்கிறேன்.

தொலைக்காட்சித் தொடரில் நான் சிகையலங்காரக் கடை நடத்தும் ரூபெல் அத்தை. கொதிக்கிற சீப்பை எடுத்து, உன்னைப் போலவே, "காதைப் பிடிச்சுக்கோ!" என்றேன். படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்த நம் பெண்கள் அத்தனை பேர் கையும் தானாகக் காதுக்குப் போயிற்று! இப்போது தெருவில் குழந்தைகள்கூட அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கூந்தல் எண்ணெய்க் கம்பெனி ஒன்று தொடங்குகிறேன். டப்பாவில் அந்த வார்த்தையைப் போடட்டுமா? அடுத்த வாரம் அத்தை அதைச் சொல்ல மறந்து ஒரு சிறுமியின் காதைச் சுட்டுவிடுகிறாள். தவறாமல் பார்.

உன் செல்லத் தங்கை,
வெர்னெல்


கேரி, இந்தியானா
20 ஏப்ரல் 1976

அன்புள்ள வெர்னெல்,

நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது என்று எழுத ஆசை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வழக்கமாகப் பதினான்கு தலை வரும். இந்த வருஷம் மூன்று.

உன் தொடரைச் சர்ச் கூடத்தில் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். எர்னஸ்டீன் தொப்பி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி ஒடெசா, இது நீ லர்லீன் காதைச் சுட்ட கதையில்ல? உன் தங்கச்சி நாட்டுக்கே படம் போட்டுக் காட்டிட்டாளே!"

அன்றிலிருந்து குழந்தைகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் கடையைக் கடந்து ஓடுகிறார்கள்.

அந்த வார்த்தையைத் தாராளமாக எடுத்துக்கொள். நம் பெண்கள் எல்லோரும் சமையலறை அடுப்பில் சீப்பைச் சூடாக்கிச் சொல்வதுதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். லர்லீன் காது சுட்ட அன்று சீப்பு யார் கையில் இருந்தது?

உன் அக்கா,
ஒடெசா


லாஸ் ஏஞ்சல்ஸ்
24 ஏப்ரல் 1976

அக்கா,

என் கையில்.

எனக்குப் பதினான்கு வயது, லர்லீனுக்கு எட்டு. சர்ச் பாடகர் குழுத் தலைவியைப் போல நடித்துக்காட்டி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பில் காதைப் பிடிக்கச் சொல்ல மறந்தேன். அவள் அம்மா உள்ளே வருவதற்குள் நீ சீப்பைப் பிடுங்கிக்கொண்டு, "என் கை தவறிடுச்சு" என்றாய். இருபத்திரண்டு வருஷமாக நான் வாய் திறக்கவில்லை.

கதை எழுதுகிறவர்களிடம், "எங்க அக்கா ஒருதடவை..." என்றுதான் ஆரம்பித்தேன். அவர்கள் சிரித்தார்கள். பிறகு அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. அதை எப்படி உனக்கு விளக்குவேன்!

வெள்ளிக்கிழமை தொலைக்காட்சியில் என்னைப் பேட்டி எடுக்கிறார்கள். அங்கே சொல்லிவிடுகிறேன். சத்தியம்.

வெர்னெல்


கேரி, இந்தியானா
2 மே 1976

வெர்னெல்,

பார்த்தேன். "காதைச் சுட்டது உங்க அக்காதானாமே?" என்று பேட்டி எடுத்தவர் கேட்டார். நீ வாயைத் திறந்தாய். கூட்டம் அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டது. நீ வாயை மூடிக்கொண்டு, காதைப் பிடித்து, கண் சிமிட்டினாய்.

மறுநாள் லர்லீன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "சுட்டது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கா? நாற்காலியில உட்கார்ந்திருந்தவ நான்தானே! எட்டு வயசுப் புள்ளைய யாரு கேட்டாங்க? வெர்னெலே சொல்லுவான்னு நேத்து ராத்திரிவரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

பிள்ளையை உட்கார வைத்துச் சீப்பை எடுத்தேன். "காதைப் பிடிச்சுக்கோ" என்று என் வாய் சொன்னது. "ஐ! ரூபெல் அத்தை மாதிரியே சொல்றீங்க!" என்று பிள்ளை கை தட்டியது.

இனி அதைச் சொல்லப்போவதில்லை. அந்தப் பிள்ளையின் காதை நானே மடக்கிப் பிடித்துக்கொண்டேன். விரலில் கொஞ்சம் சூடு பட்டது. பரவாயில்லை, வேலை நன்றாகத்தான் வந்தது.

ஒடெசா