உருண்டையா, கூரா

மார்ச் 3
ஏரியின் அடியில் குத்தி, மண்ணடுக்கோடு எடுத்த குழாய்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டன. ஆற்றை மறித்துக் கட்டிய அந்த ஏரி எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு குழாய், மலையடி ஓரம் பம்பு அறை இருந்த இடத்தில் எடுத்தது. அதை எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் அந்த அறையோடு அதில் வேலை பார்த்த தம்பியும் காணாமல் போனான். எல்லாரும் மதகுக்குக் கீழேதான் தேடினார்கள். ஆறு அடித்துக்கொண்டு போனவன் எங்கேயாவது கரை ஏறியிருப்பான் என்று அம்மா நம்புகிறாள். அன்றிலிருந்து வாசல் கதவைத் தாழிட விடுவதில்லை.

மார்ச் 4
அவன் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதாம். அம்மா வாசலுக்கு ஓடினாள். யாரும் இல்லை.

மார்ச் 6
குழாயை நீளவாக்கில் பிளந்தோம். மேல்முனையிலிருந்து ஒரு சாண் கீழே வெள்ளம் கொண்டுவந்த மணல். லென்ஸில் பார்த்தேன் — எல்லாம் உருண்டை. வெகுதூரம் உருண்டு வந்த மணல்தான் முனை மழுங்கும். பக்கத்து மலையிலிருந்து சரிந்தது கூராக இருக்கும். பரீட்சைக்கு இதை நான் சத்தம்போட்டு உருப்போட்டபோது, "நீயும் உருண்டையாத்தானேக்கா இருக்கே, எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தே?" என்றான் தம்பி. கூட இருந்து கேட்ட அம்மாவுக்கும் அப்படித்தான் இந்தப் பாடம் தெரியும்.
ஆக, மலை சரியவில்லை. ஆறுதான் கொண்டுபோயிருக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். வயிறாரச் சாப்பிட்டாள். நானும்.

மார்ச் 9
ஏதோ உறுத்துகிறது. தண்ணீரில் பருமணல் முதலில் படியும், நைசானது அதன் மேல் படியும். இதில் எல்லா அடுக்கிலும் நைசானது கீழே, பருமணல் மேலே. முதல் வருட மாணவிகூடக் கண்டுபிடித்திருப்பாள். என் கண்ணை எது மறைத்தது? ஆசைதான், வேறென்ன. குழாய் எடுத்தவருக்குப் போன் செய்தேன். மேல்முனைக்குச் சிவப்பு மூடி, கீழ்முனைக்குக் கறுப்பு. "படகு ரொம்ப ஆடிச்சு மேடம், மூடி மாறியிருக்கலாம்" என்றார்.
தலைகீழ். நான் பார்த்தது, ஏரி கட்டும் முன்பிருந்த ஆற்றுப்படுகை.

மார்ச் 10
மறுமுனையைப் பார்த்தேன். மெல்லிய சேற்றுக்கு அடியில் மணல். கூர். விரலில் குத்துகிறது. மலைச்சரிவு மொத்தமாக இறங்கியிருக்கிறது, பம்பு அறை மேலேயே. அவன் எங்கேயும் போகல. அங்கேயேதான் கெடக்கான். மூணு வருஷமா நாம ஆத்துல தேடிக்கிட்டு — அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 13
இன்றும் அந்தக் குழாயோடுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும், காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தானாகவே கேட்டாள்: "உருண்டைதானே?" நான் கை கழுவப் போனேன். என் கையைப் பிடித்து இழுத்தாள். நக இடுக்கில் மணல். அதை எடுத்துத் தன் விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.
"குத்துதுடி."
பிறகு மீதிக் காயை நறுக்கி முடித்தாள்.

மார்ச் 14
நேற்றுப் படுக்கப்போகும் முன் அம்மாவே வாசல் கதவைத் தாழிட்டாள். காலையில் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். ஸ்டாண்டு போடும் சத்தம் இப்போது எனக்குக் கேட்கிறது. ராத்திரி நான்தான் போய்த் திறந்தேன்.